இளவரசியின் இரண்டாவது கிட்னி

இளவரசிக்கு ஒரே ஒரு கிட்னிதான் இருக்கிறது என்று பதினொரு மருத்துவமனைகள் சேர்ந்து சொல்லின. அவள் வயிற்றுக்குள் இரண்டு இருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஸ்கேன் அறையில் டாக்டர் மன்சூர் பக்கத்தில் நின்றுகொண்டு, வலது ஒன்று, இடது ஒன்று என்று எண்ணியே பார்த்தேன். அதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். இரண்டு வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும்.

என் பெயர் ரெஜினா. அரசு மருத்துவமனையில் இருபத்தெட்டு வருஷமாக நர்ஸ். அதில் கடைசி ஆறு வருஷம் உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிசு, வேலை என்னவோ நாள் முழுக்க யார் யாரிடமோ கெஞ்சுவது. சர்க்கரை இல்லாத டீயை நாலு வேளை குடித்துக்கொண்டு, காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று என்று சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருப்பேன்.

இளவரசியின் மகள் நிறைமதிக்குப் பதினாறு வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கை இரண்டிலும் ஊசி குத்த இடம் தீர்ந்துபோய் இப்போது கழுத்தில் குழாய். அதிலும் அடிக்கடி சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிடுகிறது. "கழுத்துலயும் எடம் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட வழி இல்ல சிஸ்டர். மூணு மாசம் தாக்குப்பிடிச்சா பெரிசு" என்று டாக்டர் மன்சூர் சொல்லியிருந்தார். அம்மாவின் கிட்னி பொருந்தியது. தேதி குறித்தாயிற்று. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாத அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆபரேஷன் முடிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி முழுசா குடிக்கலாம்ல சிஸ்டர்?"

"ரெண்டு சொம்பே குடி" என்றேன்.

சொன்ன மறுநாள் சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சம்பந்தி என்பது நாங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் கூட்டு நலப்பதிவு. மாவட்டத்திலுள்ள பதினொரு மருத்துவமனைகள், லேப்புகள், மருந்துக்கடைகள், ரத்த வங்கி, காப்பீடு எல்லாம் ஒரே பந்தலுக்குள். ஒருவர் உடம்பில் எங்கே எது நடந்தாலும் எல்லாருக்கும் தெரியும். அதேபோல் எங்கே எது செய்வதானாலும் எல்லாக் கணினியும் தலையாட்ட வேண்டும். ஒன்று மாட்டேன் என்றாலும் தாலி ஏறாது.

வந்த புதிதில் நானும் அதைக் கொண்டாடியவள்தான், பொய் சொல்ல மாட்டேன். பை நிறைய ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அலைந்தது நின்றது. போன வருஷம் நினைவில்லாமல் வந்த ஒரு லாரி டிரைவருக்குப் பென்சிலின் ஆகாது என்று சம்பந்திதான் சொல்லிக் காப்பாற்றியது. நல்லதைச் சொல்லாமல் திட்டக்கூடாது, சொல்லிவிட்டேன். இனிமேல் திட்டுவேன்.

ஆபரேஷனுக்கு ஏன் அனுமதி இல்லை என்று கேட்கத் தலைநகரத்திலிருந்த உதவி மையத்தை அழைத்தேன். முகில்வண்ணன் என்று ஒரு தம்பி போனை எடுத்தார். குரல் தேன் மாதிரி இருந்தது.

"மேடம், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இளவரசிக்கு இடது கிட்னியை எடுத்திருக்காங்க. தனியார் ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கு, லேப் ரிப்போர்ட் இருக்கு, காப்பீட்டு அனுமதி இருக்கு. மூணும் பொருந்துது."

"தம்பி, அந்தம்மா என் எதிர்லதான் உக்காந்திருக்கு. ஸ்கேன்ல ரெண்டும் தெரியுது. உடம்புல ஒரு தழும்பு கிடையாது."

"அதான் மேடம் பிரச்சினையே. ஸ்கேன்ல ரெண்டு இருந்தா, ஸ்கேன் எடுத்துக்கிட்டவங்க இளவரசி இல்லைன்னு அர்த்தம்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன்.

"அவதான் அந்தப் பொண்ணுக்கு அம்மான்னு ரத்தப் பரிசோதனை சொல்லுதே, அது என்னவாம்?"

"அதுவும் சரிதான் மேடம். அவங்க அந்தப் பொண்ணுக்கு அம்மாதான். இளவரசிதான் இல்ல."

"அப்ப யாருப்பா அது?"

"அதை விசாரிக்கணும். கிட்னி வியாபாரமா இருக்கலாம்னு சிஸ்டம் சந்தேகக் குறி போட்டிருக்கு. விசாரணை முடியற வரைக்கும் ஆபரேஷன் பண்ண முடியாது."

"சரி, நான் ஸ்கேன் அனுப்புறேன். அந்தப் பழைய பதிவை அழிங்க."

"ஒரு ஆஸ்பத்திரி எழுதினதை இன்னொரு ஆஸ்பத்திரி அழிக்க முடியாது மேடம். அந்த நம்பிக்கையிலதான் எல்லாருமே இதுல சேந்தாங்க. எழுதினவங்கதான் திருத்தணும்."

போனை வைத்ததும் மேசை மேலிருந்த டீ டம்ளரைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. அப்புறம் பெருக்க வேண்டியதும் நான்தானே.

எதிரில் இளவரசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேச்சுக்கும் "என் கிட்னி எங்க போச்சு" என்று கேட்காத பெண்ணை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்.

"இளவரசி, ஏதோ இருக்கு. என்கிட்ட மறைக்காத."

"அது அக்கா சிஸ்டர்" என்றாள்.

அக்கா பெயர் தேன்மொழி. இளவரசியைவிட மூன்று வயது மூத்தவள்.

"அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் எங்க வீட்டு ரேஷன் கார்டுல பேரை நீக்கிட்டாங்க. இங்க நீக்குனாத்தான் அங்க சேக்க முடியுமாம். அங்க மாமியாக்காரி, புள்ள பொறக்கட்டும் சேத்துக்கலாம், பொங்கல் போவட்டும் சேத்துக்கலாம்னு இழுத்தடிச்சுது. நாலு வருஷம் எந்தக் கார்டுலயும் அவ பேரு இல்ல. கார்டுல பேரு இல்லைன்னா காப்பீட்டு அட்டையும் இல்ல. அப்ப பாத்துக் கல்லு அடைச்சு, உள்ள சீழ் புடிச்சு, கிட்னியை எடுத்தே ஆவணும்னுட்டாங்க. என் அட்டையைக் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே சாடை."

"கைரேகை வச்சுப் பாப்பாங்களே?"

"அக்கா ஹாலோபிளாக் கல்லு போடுற வேலை. சிமெண்டுல தேஞ்சு அவளுக்கு ரேகையே விழாது. ரேகை விழலைன்னா போனுக்கு ஓடிபி அனுப்புவாங்கல்ல, அது என் போனுக்குத்தான் வந்துச்சு. படிச்சுச் சொன்னேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "படிச்சவதானே நீ? அவ நோயை உன் பேருல எழுத விட்டிருக்கியே, இது எங்க கொண்டுபோய் விடும்னு யோசிக்க வேணாமா? அட்டை என்ன சேலையா, அக்காளும் தங்கச்சியும் மாத்திக் கட்டிக்கிறதுக்கு?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க சிஸ்டர்? அவ செத்துக்கிட்டு இருந்தா."

அவள் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது, தேன்மொழியைக் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்துக் காட்டிவிடலாம் என்றேன். இளவரசி மாட்டவே மாட்டேன் என்றாள். காரணம் எனக்கும் தெரிந்ததுதான். அடுத்தவர் அட்டையில் சிகிச்சை எடுத்தது தெரிந்தால், கொடுத்தவருக்கு எச்சரிக்கை, எடுத்தவருக்கு ஐந்து வருஷ அட்டை முடக்கம். தேன்மொழிக்கு அப்புறம் சொந்த அட்டை கிடைத்திருந்தது. முன்பெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி விரட்டினால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருந்தது. இப்போது பதினொன்றும் ஒரே வீடு. ஒரு கதவு சாத்தினால் எல்லாம் சாத்திக்கொள்ளும். கையில் காசை வைத்துக்கொண்டு நின்றாலும் பெயரைப் பதியாமல் ஒரு ஊசி போட முடியாது.

அதனால் அக்கா பெயரை இழுக்காமல் வேறு வழி தேடி அலைந்தேன். எழுதியவர்கள்தான் திருத்த வேண்டும் என்றார்களே, அந்தத் தனியார் ஆஸ்பத்திரியைத் தேடிப் போனேன். அது இப்போது கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த மேனேஜர், "ஆஸ்பத்திரியா? அவங்க வித்துட்டுப் போயி ஏழு வருஷம் ஆச்சும்மா. ஆபரேஷன் தியேட்டர் இருந்த எடத்துலதான் இப்பப் பந்தி போடுறோம். சாப்பிட்டுப் போறீங்களா?" என்றார்.

முகில்வண்ணனிடம் சொன்னேன். "அந்த ஆஸ்பத்திரி மூடினாலும் அதோட பதிவு உயிரோட இருக்கு மேடம்" என்றார். திருத்த ஆளில்லாத பதிவுக்கு மட்டும் இந்த நாட்டில் சாவே கிடையாது.

அப்புறம் சீராய்வுக் கூட்டம் என்று ஒன்று. திரையில் பதினொரு மருத்துவமனைகளின் பதினொரு முகங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லாரும் சிரித்த முகம். "எங்க தரப்புல ஆட்சேபணை இல்லை, மத்தவங்க ஒத்துக்கிட்டா நாங்களும் ஒத்துக்குறோம்" என்று முதல் முகம் சொன்னது. இரண்டாவதும் அதையே சொன்னது. பதினொன்றாவது முகமும் அதையே சொல்லிவிட்டு, "அப்ப யாரு முதல்ல ஒத்துக்குறது?" என்று கேட்டது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே ஊர் கூடி ஆளுக்கொரு முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தது.

இப்படியே நாற்பது நாள் ஓடியது. நிறைமதிக்கு மறுபடி காய்ச்சல். கழுத்தில் வலது பக்கக் குழாயை எடுத்து இடது பக்கம் போட்டார்கள். "இதான் கடைசி எடம்" என்றார் டாக்டர் மன்சூர்.

நாற்பத்தோராவது நாள் காலையில் தேன்மொழியே வந்து நின்றாள். கால் விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்திருந்தது. நிறைமதி போன் பண்ணி அழுதிருக்கிறாள். தேன்மொழி வார்டு வாசலிலேயே தங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா சொல்லாம இருந்திருக்கியேடி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உன் அட்டையை முடக்கிருவாங்கக்கா. அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷந்தானே. எனக்கு என்ன கேடு, முதுகு வலியைத் தவிர? சிஸ்டர், எங்க கையெழுத்துப் போடணும்?"

எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம். அவள் கண் இமைகள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கணுக்காலில் செருப்பு வார் பதிந்து குழி விழுந்திருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, கைக்குக் கிடைத்த வழி போய்விடக் கூடாதே என்று படிவத்தை நீட்டினேன்.

ஆதாரத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. திரையில் இடது பக்கம் காலி. வலது பக்கம் இருந்தது சுருங்கிப் போய்ப் பாதியளவில் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. டாக்டர் மன்சூர் ஸ்கேனை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. அந்த ஒற்றைக் கிட்னியும் முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தது.

"முதுகு வலிக்கு என்ன எடுத்துக்குறீங்க?" என்று கேட்டார்.

"மாத்திரைதான். ரொம்ப வலிச்சா ஊசி. ஆறு வருஷமா."

"ஒரு கிட்னிதான் இருக்குன்னு அந்த டாக்டருங்ககிட்ட சொல்லலையாம்மா? அந்த மாத்திரை கிட்னிக்கு ஆகாதே."

"ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்கான்னு கேப்பாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரைப் பாத்து இல்லைன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. நானும் சும்மா இருந்துருவேன். சொன்னா தங்கச்சி மாட்டிக்குவால்ல."

அவள் சேலையை ஒரு தடவை விலக்கிப் பார்த்திருந்தால் விலாவில் ஒரு சாண் தழும்பு தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், எந்தெந்த ஆஸ்பத்திரி இதை எழுதிக்கொடுத்தது, எல்லாரையும் கிழிக்கிறேன் என்று அவள் பதிவைத் திறந்தேன். பத்தொன்பது மருந்துச் சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பதினொரு கணினியும் தலையாட்டியிருந்தன. ஒவ்வொரு சீட்டின் கீழும், நோயாளியைப் பார்த்துச் சரிபார்த்தவர் என்று ஒரு நர்ஸ் பெயர். பன்னிரண்டாவது சீட்டு எங்கள் புறநோயாளிப் பிரிவில் எழுதியது. முந்தின வருஷம் டெங்கு பரவியபோது ஆள் போதாமல் என்னை அங்கே பத்து நாள் போட்டிருந்தார்கள். சரிபார்த்தவர்: ரெஜினா. அவள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. வரிசை நீளமாக இருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கணினியை மூடினேன். யாரையும் கிழிக்கவில்லை.

டாக்டர் மன்சூர் தேன்மொழியை உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு மூணு மாசத்துல உங்களுக்கும் டயாலிசிஸ் தேவைப்படும். இந்த ஸ்கேனை அனுப்பினா அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் நடக்கும், உங்க அட்டை முடங்கிரும். அட்டை இல்லாம உங்களுக்கு டயாலிசிஸ் கிடைக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அனுப்பாட்டி?"

"உங்களுக்கு அட்டை இருக்கும். நிறைமதிக்கு நாள் இருக்காது."

தேன்மொழி முந்தானையால் கால் சிமெண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இளவரசி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை அவளால், அனுப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

"அனுப்புங்க டாக்டர்" என்றாள் தேன்மொழி. "அவ என்னைய யோசிச்சுக்கிட்டா அன்னைக்கு அட்டையைக் குடுத்தா?"

அனுப்பினோம். நாற்பத்தொரு நாள் நகராத தேர் ஒன்பது நிமிஷத்தில் நகர்ந்தது. பழைய பதிவு தேன்மொழி பெயருக்கு மாற்றப்பட்டது, இளவரசிக்குக் கிட்னி இரண்டு, ஆபரேஷனுக்குத் தடையில்லை என்று ஒரு செய்தி வந்தது. அதே நிமிஷத்தில் தேன்மொழியின் அட்டை முடக்கப்பட்டது என்று இன்னொன்று வந்தது. பதினொரு மருத்துவமனைகளும் இத்தனை ஒற்றுமையாக வேலை பார்த்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் நிறைமதி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடித்தாள். தாடையில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இளவரசிக்கு இப்போது ஒரே கிட்னி. பன்னிரண்டு வருஷமாகச் சம்பந்தி சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் பலித்துவிட்டது.

பத்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் தேன்மொழியை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். மூச்சு வாங்கியது. அவசரச் சிகிச்சை என்று ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய விதியில் இடம் உண்டு, செய்தோம். இரண்டாம் நாள் முகில்வண்ணனை அழைத்தேன்.

"அவசரம்னா ஒரு தடவை மேடம். வாரம் மூணு தடவைன்னா அது திட்டமிட்ட சிகிச்சை. முடக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கிடையாது. மேல்முறையீடு போடுங்க, ஆறு மாசத்துல முடிவு தெரியும்."

"அவங்க ஆறு நாள் இருக்க மாட்டாங்க தம்பி."

"புரியுது மேடம். ஆனா சிஸ்டம்ல அதுக்கு எடம் இல்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

பாவம், அந்தத் தம்பியின் குரலில்கூட அன்றைக்குத் தேன் இல்லை.

டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். தேன்மொழி கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். இளவரசி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்த நர்ஸைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். கணினி அட்டை எண் கேட்டது. பதினான்கு எண்களையும் பார்க்காமலே அடித்தேன், எனக்கு அது மனப்பாடம். கைரேகை கேட்டது. தேன்மொழியின் கட்டை விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். மூன்று தடவை பார்த்துவிட்டு, ரேகை விழவில்லை, ஓடிபி அனுப்பட்டுமா என்றது.

அனுப்பச் சொன்னேன். என் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.

இளவரசி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சிஸ்டர், இது வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா…"

தெரியும். கிட்னி போனவர்களுக்கு நான் போடும் சர்க்கரை மாத்திரையைக் கொடுக்கக்கூடாது. நாளைக் காலையிலிருந்து எந்த மருந்துக்கடையும் எனக்கு அதைத் தராது. மயங்கி விழுந்தால் எந்த டாக்டரும் என்னைப் பார்க்க மாட்டார், திரையைத்தான் பார்ப்பார். விஷயம் தெரிந்தால் வேலையும் போகும். பன்னிரண்டு வருஷம் கழித்து இது எங்கே கொண்டுபோய் விடும் என்று இவளைத் திட்டியவளே நான்தான்.

"வேற என்ன செய்யச் சொல்ற?" என்றேன்.

திரையில் எழுத்து வந்தது. ரெஜினா, வயது ஐம்பத்தொன்று. இரண்டு கிட்னியும் செயலிழப்பு. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நோயாளியைப் பார்த்துச் சரிபார்த்தீர்களா?

தேன்மொழியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். இமை வீக்கம், கால் வீக்கம், விலாவில் தழும்பு. பார்த்துவிட்டு, சரி என்று அழுத்தினேன்.

பதினொரு மருத்துவமனைகளும் ஒன்றாகத் தலையாட்டின.